எல்லாவற்றையும் வைத்துவிட்டார் எதிராளி! ஈடு கட்டுவதா, விலகுவதா?

கையில் இருப்பவை இரண்டே சீட்டு. இரண்டும் ராணி.

எதிரே உட்கார்ந்திருப்பவர் தம்மிடம் இருந்த சில்லுகள் அத்தனையையும் பந்தயமாக வைத்துவிட்டார். இனி, ராணி வைத்திருப்பவர்தான் பதில் சொல்லவேண்டும்.

இருப்பது இரண்டு வழி.

ஒன்று, தாமும் அதே அளவு பந்தயம் வைத்து ஈடு கட்டலாம். வென்றால் மலை போன்ற குவியல் கைக்கு வரும். தோற்றால் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மற்றொன்று, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இதுவரை வைத்த பந்தயம் போகும். ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

எது சரி?

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஜோனதன் துஹாமெல் என்ற 23 வயது வாலிபர் முன் இந்தக் கேள்வி வந்து நின்றது. கனடா நாட்டில் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தவர் அவர். கல்லூரியில் நிதித்துறைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர். அவர் சொல்லவேண்டிய ஒரு சொல்லில் 48 லட்சம் டாலர் தொங்கிக்கொண்டிருந்தது!

7,319 பேர்

லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் "போக்கர் உலகத் தொடர்" என்ற சீட்டாட்டப் போட்டி நடக்கிறது. 1970ஆம் ஆண்டில் பென்னி பினியன் என்ற சூதாட்ட விடுதி அதிபர் இதைத் தொடங்கினார். முதலில் ஒரு சிலர் மட்டுமே ஆடினார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் கூட்டம் பெருகியது.

2010ஆம் ஆண்டின் முக்கியப் போட்டி ரியோ என்ற ஓட்டலில் நடந்தது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10 ஆயிரம் டாலர். 7,319 பேர் பணம் கட்டினார்கள்.

பணத்துக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் 30 ஆயிரம் மதிப்புள்ள வட்டச் சில்லுகள் கொடுக்கப்பட்டன. சில்லு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. கடைசிவரை நின்று எல்லாச் சில்லுகளையும் சேர்ப்பவரே வெற்றி வீரர்.

கட்டணம் கட்டிய 7,319 பேரில் 747 பேருக்குத்தான் பரிசு. மற்ற 6,572 பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஜூலை மாதம் தொடங்கிய ஆட்டத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அந்த ஒன்பது பேரும் நவம்பர் 6ஆம் தேதி மறுபடி மேஜையில் அமர்ந்தார்கள். மணிக்கணக்காக நீண்ட ஆட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக வெளியேற, கடைசியில் மூன்று பேர் நின்றார்கள்.

ஒருவர் துஹாமெல். இன்னொருவர் கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வசித்த ஜோசப் சியோங். மூன்றாமவர் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஜான் ரேசனர்.

முதல் பரிசு 89 லட்சத்து 44 ஆயிரம் டாலர். இரண்டாம் பரிசு 55 லட்சத்து 45 ஆயிரம் டாலர். மூன்றாம் பரிசு 41 லட்சத்து 30 ஆயிரம் டாலர்.

ஆட்டம் எப்படி?

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் புரிவது கடினம் அல்ல. இதன் பெயர் டெக்சாஸ் ஹோல்டம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அந்த மாநிலச் சட்டசபை 2007ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஒரே கட்டு; 52 சீட்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அதை அவர் மட்டுமே பார்க்கலாம்.

பிறகு மேஜை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் விரியும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் பொதுவில் உள்ள ஐந்தையும் சேர்த்தால் ஏழு. அந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ, அவருக்கே குவியல்.

ஜோடி, மூன்று ஒரே சீட்டு, தொடர் வரிசை, ஒரே சின்னத்தில் ஐந்து என்று அந்த ஐந்துக்குப் படிப்படியாக மதிப்பு உண்டு.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ஒருவர் வைத்ததற்கு மேல் இன்னொருவர் ஏற்றலாம். அதற்கு ஈடு கட்டலாம்; அல்லது விலகலாம். இருப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வைத்துவிடவும் செய்யலாம். அதற்கு "ஆல் இன்" என்று பெயர்.

பொதுச் சீட்டு ஒன்றுகூட விரியாதபோதே எதிராளி எல்லாவற்றையும் வைத்துவிட்டால்தான் பெரிய சங்கடம். மேஜையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தெரிந்தது தம் கையில் உள்ள இரண்டு சீட்டு. தெரியாதது மற்றதெல்லாம்!

ஏறிக்கொண்டே போனது

அன்று மூன்று பேரிடமும் சேர்த்து சுமார் 22 கோடி சில்லுகள் இருந்தன. சியோங்கிடம் ஏறத்தாழ 9½ கோடி. துஹாமெல்லிடம் 8 கோடியே 80 லட்சம். மீதி ரேசனரிடம்.

ரேசனர் விலகிவிட்டார். மற்ற இருவரும் மோதினார்கள்.

சியோங் சுமார் 29 லட்சம் வைத்தார். துஹாமெல் அதை 67 லட்சத்துக்கு மேல் ஏற்றினார். சியோங் விடவில்லை, 1 கோடியே 42 லட்சம் ஆக்கினார். துஹாமெல்லும் விடவில்லை, 2 கோடியே 27 லட்சம் என்றார்.

அடுத்த கணம் சியோங் தம் இருப்பு முழுவதையும் வைத்துவிட்டார்!

பொதுச் சீட்டு இன்னும் ஒன்றுகூட விரியவில்லை.

துஹாமெல்லின் கையில் இரண்டு ராணிகள். நல்ல சீட்டுத்தான். ராணி ஜோடியோ அதற்கு மேற்பட்ட ஜோடியோ கைக்கு வருவது சுமார் 74 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். ஆனால் அதையும் வெல்லும் ஜோடிகள் இரண்டு உண்டு. ஒன்று ராஜா ஜோடி. மற்றொன்று ஏஸ் ஜோடி.

எதிராளியிடம் அவற்றில் ஒன்று இருந்தால்?

முதல் கணக்கு: விலை என்ன?

கடைக்குப் போகிறவர் முதலில் விலை கேட்பார். சீட்டு மேஜையிலும் அதுதான் முதல் வேலை.

துஹாமெல் ஏற்கெனவே வைத்தது அவருடையது அல்ல. அது குவியலோடு கலந்துவிட்டது. அவர் கையில் மீதி இருந்தது சுமார் 6½ கோடி. ஈடு கட்ட அது முழுவதும் போகவேண்டும்.

சியோங்கிடம் துஹாமெல்லைவிடச் சற்று அதிகச் சில்லு இருந்தது. அந்த அதிகப்படி இந்தப் பந்தயத்தில் சேராது. அதைக் கழித்துவிட்டால், நடுவில் இருந்தது சுமார் 11 கோடியே 20 லட்சம்.

6½ கோடி வைத்தால், மொத்தக் குவியல் 17 கோடியே 70 லட்சம் ஆகும். அதில் துஹாமெல் புதிதாக வைப்பது 100க்கு 37 பங்கு.

இதன் பொருள் என்ன? இதே நிலையில் 100 முறை ஈடு கட்டினால், 37 முறைக்கு மேல் வென்றாலே சில்லுக் கணக்கில் லாபம். பாதிக்குப் பாதி வெல்லவேண்டும் என்பதுகூட இல்லை.

இரண்டாம் கணக்கு: எதிராளியிடம் என்ன?

சியோங் விளையாட்டுக் காட்டவில்லை, மெய்யாகவே பெரிய சீட்டுத்தான் வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்வோம். அப்படியானால் அவரிடம் இருக்கக்கூடியவை மூன்று: ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, அல்லது ஒரு ஏஸும் ஒரு ராஜாவும்.

இவை எத்தனை வகையில் வரும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கட்டில் ஏஸ் நான்கு. நான்கிலிருந்து இரண்டை எடுக்க ஆறு வகை உண்டு. ராஜா ஜோடிக்கும் அதே ஆறு. ஆனால் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் சேர்வதற்கு நான்கு ஏஸையும் நான்கு ராஜாவோடு இணைக்கலாம். நாலு நாலு பதினாறு வகை!

ஆக மொத்தம் 28 வகை. அதில் 12 வகையில் ராணி ஜோடி பெரும் ஆபத்தில் இருக்கிறது. 100 முறை ஆடினால் 18 அல்லது 19 முறைதான் வெல்லும். மீதி 16 வகையில் ராணி ஜோடிக்கே கை ஓங்கியிருக்கும். 100க்கு 56 முறை வெல்லும்.

28 வகைக்கும் வகைக்கு நூறு ஆட்டம் வீதம் ஆடினால் 2,800 ஆட்டம். முதல் 12 வகையில் சுமார் 220 வெற்றி. மற்ற 16 வகையில் சுமார் 900 வெற்றி. கூட்டினால் 1,120. அதாவது 100க்கு 40.

தேவை 37. கிடைப்பது 40. எதிராளியிடம் பெரிய சீட்டுத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும்கூட, ஈடு கட்டலாம் என்று சில்லுக் கணக்கு சொல்கிறது!

மூன்றாம் கணக்கு: சில்லு வேறு, பணம் வேறு

ஆனால் அவசரப்படக்கூடாது. இங்கேதான் பல பேர் வழுக்கி விழுவார்கள்.

போட்டியில் சில்லுக்கு நேரே பணம் கிடையாது. எத்தனையாவது இடம் என்பதற்குத்தான் பணம். எல்லாச் சில்லுகளையும் சேர்த்தவருக்கு எல்லாப் பணமும் கிடைத்துவிடாது. மூன்றாவதாக வெளியேறுகிறவர் ஒரு சில்லும் இல்லாமல் போனாலும் 41 லட்சம் டாலரோடு போவார்.

ஆகையால் பரிசுக் கணக்கைத் தனியே போடவேண்டும். அவரவர் சில்லு இருப்பை வைத்து, முதல் இடம் வர எத்தனை வாய்ப்பு, இரண்டாம் இடம் வர எத்தனை வாய்ப்பு என்று பிரித்துப் பார்ப்பது வழக்கமான முறை. அந்த முறையில் போட்டால் ஏறத்தாழ இப்படி வருகிறது.

துஹாமெல் விலகினால், மிச்சம் உள்ள 6½ கோடிச் சில்லுக்குப் பரிசு மதிப்பு சுமார் 61 லட்சம் டாலர்.

ஈடு கட்டி வென்றால் சுமார் 82½ லட்சம் டாலர்.

ஈடு கட்டித் தோற்றால் மூன்றாம் பரிசு. 41 லட்சம் டாலர்.

வந்தால் வருவது 21 லட்சத்துக்குச் சற்று மேல். போனால் போவது 20 லட்சம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம்! அப்படியானால் 100க்கு 37 முறை வென்றால் போதாது. 49 முறையாவது வெல்லவேண்டும்.

பெரிய சீட்டு மட்டுமே எதிராளியிடம் இருக்கும் என்று கொண்டபோது கிடைத்தது 40தானே? பரிசுக் கணக்குப்படி பார்த்தால் விலகுவதே சரி!

ஒரே கை; ஒரே பந்தயம். ஒரு கணக்கு "கட்டு" என்கிறது. மற்றொரு கணக்கு "விலகு" என்கிறது.

நான்காவது கேள்வி: ஆள் எப்படிப்பட்டவர்?

இப்போது மீதி இருப்பது ஒரே கேள்வி. சியோங் வெறும் சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டக்கூடியவரா?

மிரட்டுவதும் இந்த ஆட்டத்தில் ஒரு முறைதான். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவர் மூன்று பேர் மேஜையில் பிழைக்க முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயப் பந்தயம் உண்டு. உட்கார்ந்திருந்தாலே சில்லு கரையும். ஆகையால் நடுத்தரச் சீட்டிலும் ஏற்றி ஆடவேண்டியிருக்கும். எதிராளியும் நடுத்தரச் சீட்டில்தான் ஏற்றுகிறார் என்று தோன்றினால், அவரை விரட்ட இன்னும் ஏற்றவேண்டியிருக்கும்.

அதிலும் கையில் ஒரு ஏஸ் இருந்தால் மிரட்டுவதற்குத் தைரியம் கூடும். காரணம் உண்டு. ஒரு ஏஸ் தம்மிடம் இருக்கும்போது கட்டில் மிச்சம் மூன்றுதான். எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் வகை ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிடும்.

சியோங் சளைக்காமல் ஏற்றி ஆடுபவர். அவர் ஒரு ஏஸும் ஒரு சிறு சீட்டும் வைத்துக்கொண்டு மிரட்டக்கூடும் என்று ஒப்புக்கொண்டால் கணக்கு எப்படி மாறுகிறது?

ஏஸோடு ஒரே ஒரு சிறு சீட்டை, உதாரணமாக ஏழை மட்டும் சேர்த்துப் பார்ப்போம். அதற்கும் 16 வகை. அந்த வகைகளில் ராணி ஜோடி 100க்கு 71 முறை வெல்லும். 28 வகை 44 வகை ஆகிறது. 4,400 ஆட்டத்தில் வெற்றி சுமார் 2,256. அதாவது 100க்கு 51!

தேவை 49. கிடைப்பது 51. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் கணக்கு எவ்வளவு முக்கியமோ, ஆளை அளப்பதும் அவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும். கணக்குத் தெரிந்தவர், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பதிலை, எதிரே இருப்பவரை மணிக்கணக்காகக் கவனித்துத்தான் பெறவேண்டும்.

மேஜையில் காகிதமும் பென்சிலும் கிடையாது. இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு 28 வகையும் 37 பங்கும் பெருக்கல் வாய்ப்பாடு போல மனத்தில் பதிந்திருக்கும்.

சீட்டு திரும்பியது

துஹாமெல் ஈடு கட்டினார்.

இருவரும் சீட்டைத் திருப்பினார்கள். துஹாமெல்லிடம் ராணி ஜோடி. சியோங்கிடம் ஒரு ஏஸ், ஒரு ஏழு!

ஐந்து பொதுச் சீட்டுகளும் விரிந்தன. ராணி ஜோடி நின்றது.

17 கோடியே 70 லட்சம் சில்லு துஹாமெல் பக்கம் வந்தது. சியோங்கிடம் மிஞ்சியது சொற்பம். சற்று நேரத்தில் அவர் மூன்றாவதாக வெளியேறினார்.

நவம்பர் 8ஆம் தேதி துஹாமெல்லும் ரேசனரும் நேருக்கு நேர் மோதினார்கள். கடைசி ஆட்டத்தில் மறுபடி அதே கேள்வி வந்தது. இம்முறை எல்லாவற்றையும் வைத்தவர் துஹாமெல். பதில் சொல்லவேண்டியவர் ரேசனர்.

ரேசனரிடம் ஒரு ராஜாவும் ஓர் எட்டும். பெரிய சீட்டு அல்ல. ஆனாலும் ஈடு கட்டினார். அவருடைய நிலை வேறு. சில்லு வற்றிவிட்டது. இரண்டாம் பரிசு எப்படியும் உறுதி. காத்திருந்தால் கட்டாயப் பந்தயம் மிச்சத்தையும் தின்றுவிடும். இழக்கக் கொஞ்சமே உள்ளவர் சிறிய சீட்டோடும் துணியலாம்.

துஹாமெல்லிடம் ஏஸும் ஜாக்கியும் இருந்தன. ரேசனர் வெல்ல 100க்குச் சுமார் 40 வாய்ப்பு. அது கைகூடவில்லை. முக்கியப் போட்டியில் வென்ற முதல் கனடா நாட்டவர் என்ற பெயர் துஹாமெல்லுக்குக் கிடைத்தது.

அதே கை, வேறு கதை

வென்றவர் சொன்னதெல்லாம் சரி என்று உலகம் சொல்லும். ஆனால் துஹாமெல்லின் வெற்றியில் இன்னொரு பக்கமும் உண்டு.

ஜூலை மாதத்தில், 15 பேர் மிஞ்சியிருந்தபோது நடந்தது இது. எதிரே மாட் அஃப்ளெக் என்ற அமெரிக்கர். அவரிடம் ஏஸ் ஜோடி. துஹாமெல்லிடம் ஜாக்கி ஜோடி. பொதுச் சீட்டு நான்கு விரிந்துவிட்டன: பத்து, ஒன்பது, ஏழு, ராணி. இன்னும் ஒரே சீட்டுத்தான் பாக்கி. அஃப்ளெக் எல்லாவற்றையும் வைத்தார். துஹாமெல் ஈடு கட்டினார்.

கட்டில் மிச்சம் 44 சீட்டு. துஹாமெல்லைக் காப்பாற்றக்கூடியவை நான்கு எட்டு, நான்கு ராஜா, இரண்டு ஜாக்கி. ஆக 10 சீட்டு. மற்ற 34 சீட்டில் எது வந்தாலும் அஃப்ளெக்குக்கே வெற்றி.

வந்தது எட்டு!

எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. வரிசை சேர்ந்துவிட்டது. உயர்ந்த ஜோடி வைத்திருந்த அஃப்ளெக் 15ஆம் இடத்தோடு எழுந்து போனார். அந்த ஒரு சீட்டு வேறாக இருந்திருந்தால் நவம்பர் மேஜையில் துஹாமெல் தொடர்ந்து எத்தனை பலத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று சொல்லவேண்டியதே இல்லை.

ஒரே மனிதர், இரண்டு முறை ஈடு கட்டினார். ஒரு முறை வாய்ப்பு பாதிக்கு மேல். மறுமுறை கால் பங்குக்கும் கீழே. இரண்டிலும் வென்றார்!

இரண்டு ஏஸ், ஆனாலும் தோல்வி

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு.

2014ஆம் ஆண்டு அதே லாஸ் வேகாஸ் உலகத் தொடரில் இன்னொரு போட்டி நடந்தது. அதன் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10 லட்சம் டாலர். 42 பேர் ஆடினார்கள்.

கானர் டிரினன் என்ற இளைஞருக்கு ஏஸ் ஜோடி வந்தது. பொதுச் சீட்டு விரியும் முன் அதைவிட உயர்ந்த கை கிடையாது. எதிரே இருந்த கேரி கேட்ஸ் என்பவரும் விடாமல் ஏற்றினார். இருவருடைய சில்லும் நடுவே போயிற்று. சீட்டைத் திருப்பினால், கேட்ஸிடமும் ஏஸ் ஜோடி!

இப்படி நேர்ந்தால் 100க்கு சுமார் 96 முறை குவியலைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மீதி நாலில் இரண்டு இவருக்கு, இரண்டு அவருக்கு.

அன்று பொதுச் சீட்டில் நான்கு ஆர்ட்டின் விழுந்தன. ஆர்ட்டின் ஏஸ் கேட்ஸிடம் இருந்தது. ஒரே சின்னத்தில் ஐந்து சேர்ந்து, கேட்ஸ் வென்றார். டிரினன் பரிசு எதுவும் இன்றி வெளியேறினார்.

டிரினன் செய்தது தவறா? இல்லை. அந்த இடத்தில் ஏஸ் ஜோடியைக் கவிழ்க்க எந்தக் கணக்கும் சொல்லாது. நாளை அதே சீட்டு வந்தாலும் அவர் அதையேதான் செய்யவேண்டும்.

முடிவு வேறு, பலன் வேறு

நல்ல முடிவு தோற்கலாம். மோசமான முடிவு வெல்லலாம். ஒரு நாளில், ஒரு சீட்டில், இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால்தான் போக்கர் ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள், "வென்றேனா?" என்பதற்கு முன்னால், "தெரிந்ததை வைத்துச் சரியாக முடிவு செய்தேனா?" என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அன்று எதிராளி என்ன வைத்திருந்தார் என்பது சீட்டைத் திருப்பிய பிறகு எல்லோருக்கும் தெரியும். திருப்புவதற்கு முன் தெரிந்தது எவ்வளவு என்பதே கேள்வி.

இதைச் சொல்வது எளிது. ஒரே கையில் பல வருஷ உழைப்பையும் வைத்துவிட்டு, வெறும் துரதிர்ஷ்டத்தால் தோற்றவர் மறுநாள் அதே தெளிவோடு உட்காருவது எளிது அல்ல.

சியோங் அப்படி உட்கார்ந்தார். ஏஸும் ஏழும் வைத்து அவர் மிரட்டியதைப் பற்றிச் சீட்டாட்டக்காரர்கள் பல காலம் வாதம் செய்தார்கள். "பொறுத்திருந்தால் முதல் பரிசு கிடைத்திருக்கும்" என்றவர்கள் உண்டு. "எதிராளியிடம் ராணி ஜோடி இல்லாமல் இருந்திருந்தால் அதே மிரட்டலைப் புகழ்ந்திருப்பீர்கள்" என்றவர்களும் உண்டு. அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2019ஆம் ஆண்டில், அதே உலகத் தொடரின் ஒரு போட்டியில் வென்றார்.

கடைசியாக ஒரு கணக்கு. மேலே சொன்ன எல்லாக் கணக்கும், இழந்தாலும் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் உள்ளவருக்குத்தான் பொருந்தும். 100க்கு 51 என்றால் 49 முறை தோல்வி என்றும் பொருள். அந்த 49ல் ஒன்று முதல் நாளே வரலாம். வீட்டுப் பணத்தை வைத்தவருக்கு இரண்டாவது முறை ஆட இடம் இருக்காது.

2010ஆம் ஆண்டில் வென்றவரின் படத்தைத்தான் உலகம் பார்த்தது. பணம் கட்டிவிட்டு ஒன்றும் இல்லாமல் திரும்பிய அந்த 6,572 பேரிலும், கணக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.